வெஸ்ட் கோஸ்ட் டிரெயில்: முதன்முறை நடப்பவர்களுக்கு

கனடாவின் வான்கூவர் தீவில், தென்மேற்குக் கரையை ஒட்டி 75 கி.மீ. நீளும் பாதை இது. வடக்கே பாம்ஃபீல்டு ஊருக்குப் பக்கத்தில் உள்ள பச்சீனா விரிகுடா, தெற்கே போர்ட் ரென்ஃப்ரூவை அடுத்த கார்டன் ஆறு. நடுவில் சாலை கிடையாது, கடை கிடையாது, செல்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. ஒருபுறம் பசிபிக் கடல், மறுபுறம் சிட்கா ஸ்ப்ரூஸ், செடார், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த மழைக்காடு. பசிபிக் ரிம் தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஹூ-ஏ-ஆட், டிடிடாட், பசீடாட் ஆகிய முதற்குடி மக்களின் நிலங்கள் வழியாகப் பாதை செல்கிறது.

முதன்முறை வருகிறவர்கள் போடும் தவறான கணக்கு எப்போதும் ஒன்றுதான்: 75-ஐ ஐந்தால் வகுத்து, ஒரு நாளைக்கு 15 கி.மீ. என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே தூரத்தை வைத்துத் திட்டம் போடக் கூடாது. மணிக்கணக்கையும், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையையும் வைத்துத்தான் போட வேண்டும். வடபாதியில் மணிக்கு 3 கி.மீ. நடக்கிற அதே ஆளுக்குத் தென்பாதியில் மணிக்கு 1 கி.மீ. நடப்பதே பெரும்பாடு. வேர், சேறு, ஏணி, பாறாங்கல் என்று எல்லாம் அந்தப் பக்கம்தான் குவிந்திருக்கிறது.

ஏன் இந்த இடத்தில் ஒரு பாதை?

கப்பல்கள் பல மோதி உடைந்த இந்தக் கடலோரத்துக்குப் பசிபிக்கின் கல்லறை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தந்திக் கம்பி இழுத்தார்கள். 1906 ஜனவரியில் வலென்சியா என்ற நீராவிக் கப்பல் இந்தப் பாறைகளில் மோதி உடைந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 37 பேர்தான் பிழைத்தார்கள். பெண்கள், குழந்தைகள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் தந்திக் கம்பியின் வழியை உயிர்காக்கும் பாதையாகச் செப்பனிட்டார்கள். பச்சீனா முனையில் கலங்கரை விளக்கமும் எழுந்தது. உடைந்த கப்பலிலிருந்து கரையேறியவர்கள் எப்படியாவது நடந்து உதவியை எட்ட வேண்டும் என்பதற்காக வெட்டிய பாதை. வசதிக்காக வெட்டியதல்ல என்பதை இன்றும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உணரலாம்.

எப்போது போவது, எப்படிப் பதிவது

மே 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் பாதை திறந்திருக்கும். முன்பதிவு கட்டாயம். ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவு திறப்பார்கள், ஜூலை, ஆகஸ்ட் தேதிகள் மளமளவென்று தீர்ந்துவிடும். மே மாதத்தில் கூட்டம் குறைவு, சேறு அதிகம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மழை குறைவு, ஆனால் பனிமூட்டம் காலை முழுக்க நிற்கும். ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவில் மழை பெறும் கரை இது. கோடையிலும் மழை இல்லாத வாரம் என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

தேதியைப் பிடிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தென்பகுதியில் நடக்கப்போகும் இரண்டு நாட்களுக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். அந்த நாட்களில் தாழ் ஓதம் பகல் வெளிச்சத்தில், அதுவும் காலையில் வந்தால் நல்லது. விருப்பத் தேதிகள் இரண்டு மூன்று இருந்தால் இதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலானோர் விடுமுறையைப் பார்த்துத் தேதி எடுத்துவிட்டு, ஓதத்தைக் கடைசி இரவில்தான் பார்க்கிறார்கள்.

நடக்கத் தொடங்கும் முன் பச்சீனாவிலோ கார்டன் ஆற்றிலோ உள்ள பூங்கா அலுவலகத்தில் அறிமுக வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, ஆற்றைக் கடக்க உதவும் எந்த வடத்தொட்டி ஓடவில்லை, கரடி எங்கே நடமாடுகிறது என்பதெல்லாம் அன்றைய நிலவரமாக அங்கே கிடைக்கும். வரைபடமும் ஓத அட்டவணையும் கையில் தருவார்கள். அட்டவணை திட்ட நேரத்திலா, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடை நேரத்திலா, ஒரு மணி நேரம் கூட்ட வேண்டுமா என்று அங்கேயே கேட்டு, தாளின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் பிசகினால் பாறைமுனையில் தண்ணீருக்கும் செங்குத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியிருக்கும்.

வடக்கிலிருந்து தெற்கே

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை பச்சீனாவில் தொடங்குவது. முதல் 12 கி.மீ. கிட்டத்தட்ட வண்டிப்பாதை போலச் சமதளம். உடம்பு பையின் கனத்துக்குப் பழகும். ஏணிகள் வருவதற்குள் நான்கைந்து நாள் சாப்பாடு தீர்ந்து பையும் இலேசாகியிருக்கும். தெற்கிலிருந்து தொடங்கினால் முழுப் பாரத்தோடு முதல் நாளே மிகக் கடினமான இடத்தில் ஏற வேண்டும். முழங்கால் பிசகுவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஏழு நாள் திட்டம் ஒன்று இப்படி அமையும்:

1. பச்சீனா விரிகுடாவிலிருந்து மிச்சிகன் ஓடை, 12 கி.மீ. பத்தாவது கிலோமீட்டரில் கலங்கரை விளக்கம்.
2. மிச்சிகனிலிருந்து சூசியட் அருவி, 13 கி.மீ. கிளனாவா ஆற்றை வடத்தொட்டியில் கடக்க வேண்டும்.
3. சூசியட்டிலிருந்து கிரிப்ஸ் ஓடை, 17 கி.மீ. நடுவே நிட்டினாட் நெரிகால் என்ற குறுகிய நீர்வழியைப் படகில் கடக்க வேண்டும்.
4. கிரிப்ஸிலிருந்து வால்ப்ரன் ஓடை, 11 கி.மீ. கர்மானா கலங்கரை விளக்கம் வழியாக.
5. வால்ப்ரனிலிருந்து கேம்பர் விரிகுடா, 9 கி.மீ. ஏணி நாள்.
6. கேம்பரிலிருந்து திராஷர் கோவ், 8 கி.மீ. ஓத நாள்.
7. திராஷரிலிருந்து கார்டன் ஆறு, 5 கி.மீ.க்குச் சற்று மேல். நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

தூரம் குறையக் குறைய நேரம் குறையாமல் இருப்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் நாள் உடம்பு சரியில்லை என்றால் கலைட் கோவ் என்ற குடாவில் தங்கி, எட்டு நாளாக்கிக்கொள்ளலாம். அதற்காகவே ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாளில் இரண்டு விஷயம். நிட்டினாட் படகு பகலில் மட்டும்தான் ஓடும். மாலையில் போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியதுதான், அங்கே கூடாரம் போட இடமும் இல்லை. டிடிடாட் மக்கள் நடத்தும் படகுத்துறை அது. அங்கேயே நண்டும் மீனும் சமைத்துத் தருவார்கள், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தண்ணீர். சூசியட்டைத் தாண்டிக் கிரிப்ஸ் வரும்வரை நல்ல தண்ணீர் அரிது. வழியில் வரும் சீவாட் ஆறு பார்க்க அகலமாக இருக்கும், ஆனால் கடல்நீர் கலந்தது, குடிக்க உதவாது. சூசியட்டில் ஆளுக்கு 3 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பகுதியில் முதற்குடி மக்களின் ஊர்நிலங்களும் வருகின்றன. அங்கே பாதையை விட்டு இறங்கக் கூடாது.

ஓதத்தை வாசிக்கும் முறை

இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும். ஆனால் இரண்டும் ஒரே அளவல்ல. ஒரு வற்றம் 0.6 மீட்டருக்கு இறங்கினால் அடுத்தது 1.9 மீட்டரிலேயே நின்றுவிடலாம். அதனால் தாழ் ஓதம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை மீட்டர் என்பதையும் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் ஒவ்வொரு கடினமான முனைக்கும் ஓர் எண் போட்டிருக்கும். அந்த உயரத்துக்குக் கீழே கடல் இறங்கியிருந்தால்தான் அதைச் சுற்றிப் போகலாம். மிக முக்கியமானது கேம்பருக்கும் திராஷருக்கும் நடுவில் உள்ள ஓவன் முனை: 1.8 மீட்டர். உதாரணமாக, அன்று காலை 11 மணிக்கு 0.9 மீட்டர் தாழ் ஓதம் என்றும், 8:30 முதல் 1:30 வரை கடல் 1.8-க்குக் கீழே இருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓவன் முனையில் 10:30 வாக்கில் இருக்க வேண்டும், 1:30-க்கு அல்ல. இறங்குகிற ஓதத்தோடு நடந்தால் தாமதமானாலும் தப்பிக்கலாம். ஏறுகிற ஓதத்தோடு நடந்தால் ஒவ்வொரு நிமிடமும் இடம் குறைந்துகொண்டே போகும். கேம்பரிலிருந்து அங்கே வர நான்கு மணி நேரம் என்று வைத்தால், காலை 6:30-க்குப் பை முதுகில் ஏறியிருக்க வேண்டும்.

அட்டவணை சொல்வது அமைதியான கடலின் கணக்கு. வெளியே புயல் இருந்து பேரலை அடிக்கிற நாளில் 1.5 மீட்டர்கூடப் பாதுகாப்பல்ல. முனைக்கு வந்ததும் பத்து நிமிடம் நின்று அலைகளைப் பாருங்கள். சிறிய அலைகள் வரிசையாக வந்து, நடுவே ஒன்றிரண்டு பெரிதாக ஏறும். அந்தப் பெரியது நீங்கள் கால் வைக்கப்போகும் பாறையை நனைத்தால் திரும்பிக் காட்டுப்பாதைக்குப் போய்விடுங்கள். காட்டுப்பாதை சேறும் ஏணியுமாக இருக்கும், நேரமும் அதிகம் பிடிக்கும். ஆனாலும் அதில் அலை வராது.

பாறைத் தளத்தில் நடக்கும்போது நிறத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். வெளிறிய, சொரசொரப்பான பாறை பிடித்துக்கொள்ளும். பச்சைப் பாசி வழுக்கும். காய்ந்தது போலத் தெரியும் கரும்படலம் அதைவிட மோசமாக வழுக்கும். சிப்பி ஒட்டிய இடத்தில் கால் நிற்கும், ஆனால் கை ஊன்றினால் அறுக்கும். தளத்தைக் குறுக்கே வெட்டும் ஆழமான பிளவுகளில் அலை உள்ளே பாய்ந்து வெளியே இழுக்கும். அவற்றைத் தாண்டிக் குதிக்க முயலாதீர்கள். குறிப்பாக வால்ப்ரனுக்கும் லோகன் ஓடைக்கும் இடையே கடற்கரை வழி வேண்டாம்; அங்கே அட்ரினலின் ஓடையின் பிளவு உயிர் குடித்த இடம். காட்டுப்பாதையிலேயே போங்கள்.

ஓவன் முனை தாண்டித் திராஷர் வரை வீட்டளவு, வண்டியளவு பாறாங்கற்கள். இங்கே ஊன்றுகோலை மடித்துப் பையில் கட்டிவிட்டு இரண்டு கையையும் பயன்படுத்துங்கள். கற்களுக்கு இடையே கோல் சிக்கி மணிக்கட்டு முறிவதுண்டு. மழை பெய்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் காட்டுப்பாதையே எடுப்பது நல்லது.

ஏணி, வடத்தொட்டி, ஓடை

பாதையில் நூற்றுக்கு மேல் ஏணிகள் இருக்கின்றன. சில இடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து ஏணி இறங்கிப் பள்ளத்தாக்கின் அடிக்குப் போய், எதிர்ப்பக்கம் அதே அளவு ஏற வேண்டும். ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். காத்திருப்பவர் நேர் கீழே நிற்கக் கூடாது. ஏறும் முன் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். பை பின்னால் ஆடினால் அது உங்களை ஏணியிலிருந்து பிடுங்கும். ஈரப்படியில் நுனிக்காலை வைக்காமல் பாதத்தின் நடுப்பகுதியை வையுங்கள். மூன்று உறுப்பு எப்போதும் ஏணியில் இருக்கட்டும். ரப்பர் பூசிய வேலைக் கையுறை ஒரு ஜோடி இங்கும் வடக்கயிற்றிலும் பெரிய உதவி.

வடத்தொட்டி என்பது ஆற்றின் மேல் எஃகு வடத்தில் தொங்கும் சிறு உலோகத் தொட்டி. இரண்டு பேரும் இரண்டு பையும் போகலாம். மேடையில் நிற்பவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள, முதலில் பை, பிறகு ஆள். கயிற்றை விட்டதும் தொட்டி தானாக நடு ஆறு வரை ஓடும். அந்த நேரம் கையும் தலைமுடியும் பைவாரும் கப்பிக்கு அருகே போகக் கூடாது. மீதிப் பாதியைக் கயிறு இழுத்தே கடக்க வேண்டும். எதிர்மேடையில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அவர்கள் இழுத்துதவுவார்கள்.

ஓடையில் இறங்கிக் கடக்கும்போது விதி தலைகீழ்: இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் அடியடியாக நகருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். மழையில் சில மணி நேரத்திலேயே ஏறும் ஓடைகள் இவை. மழை விட்டால் அதே வேகத்தில் இறங்கும். காத்திருப்பதற்காகத்தான் கூடுதல் நாள் சாப்பாடு.

பையில் என்ன, எவ்வளவு

உங்கள் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் பை போகக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 15 கிலோ. அதைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

- கணுக்காலை மூடும், ஏற்கெனவே நடந்து பழகிய பூட்ஸ். முகாமுக்கும் ஓடைக்கும் வார்செருப்பு.
- மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும். பருத்தித் துணி, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை.
- இரவுக்கு மட்டும் ஒரு ஜோடி உலர்ந்த உடை, உறக்கப்பை. இரண்டையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள்.
- தானாக நிற்கும் கூடாரம். மணலில் முளை நிற்காது. கயிற்றைக் கட்டையில் கட்டி மணலுக்குள் புதையுங்கள்.
- 10 முதல் 15 மீ. மெல்லிய கயிறு, தலைவிளக்கு, விசில், முதலுதவி, முட்டிக்கு இறுக்குப் பட்டி.
- செயற்கைக்கோள் செய்திக் கருவி. குழுவுக்கு ஒன்றாவது.
- கரடி ஸ்ப்ரே. விமானத்தில் அனுமதியில்லை, தீவிலுள்ள விக்டோரியா நகரில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு எரிவாயுக் குடுவையும் அப்படியே.

சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் உலர்பொருள். வெந்நீர் மட்டும் கேட்கும் உணவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு 450 கிராம் குடுவை ஒன்று போதும். அரிசி வேகவைக்கத் தொடங்கினால் போதாது. நம் சமையலறையில் இதற்கு நல்ல தீர்வு உண்டு: தாளித்து உலர்த்திய அவல் உப்புமாக் கலவை, வறுத்த ரவை, பருப்புப்பொடி, ரசப்பொடி, சத்துமாவு. ஒவ்வொரு வேளையையும் தனித்தனிப் பொட்டலமாக எடை போட்டுக் கட்டுங்கள். கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய் வேண்டாம். பெருங்காயமும் மசாலாவும் வாசனை வெகுதூரம் போகும் பொருட்கள். அடுத்து வரும் விதி அதனால் நமக்குக் கூடுதல் முக்கியம்.

முகாமில்

கருங்கரடி, கூகர் என்ற மலைச்சிங்கம், ஓநாய் மூன்றும் இந்தக் கரையில் உண்டு. பெரும்பாலான முகாம்களில் இரும்பு உணவுப்பெட்டி இருக்கிறது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தைலம், எச்சில் பாத்திரம், குப்பை எல்லாம் அதற்குள் போக வேண்டும். பெட்டி நிறைந்திருந்தால் கயிற்றில் 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து விலக்கித் தொங்கவிடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட வேண்டாம். கரடியைக் கண்டால் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். கூகரானால் முதுகு காட்டாமல், கை தூக்கிப் பெரிதாகத் தெரிந்து சத்தம் போடுங்கள். எதைக் கண்டாலும் ஓடாதீர்கள்.

கூடாரம் போடும் முன் கடற்பாசி ஒதுங்கிய கோட்டைத் தேடுங்கள். அதுதான் கடைசி ஏற்றம் வந்த இடம். அன்றிரவு ஏற்றம் அதைவிட அதிகமா என்று அட்டவணையில் பாருங்கள். அதிகமானால் இன்னும் மேலே போங்கள். தீ மூட்டுவது கடற்கரையில் மட்டும், ஏற்றக் கோட்டுக்குக் கீழே, ஒதுங்கிய சிறு கட்டைகளால். தடை இருந்தால் அதுவும் கூடாது. தண்ணீரை ஓடையின் மேற்பக்கம் போய் எடுங்கள். தேநீர் நிறத்தில் இருப்பது மரப்பட்டை, இலைகளின் சாயம். அது பரவாயில்லை, ஆனால் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். கழிப்பிடம் பெரிய முகாம்களில் இருக்கிறது.

பாறையில் கொத்துக்கொத்தாக இருக்கும் மட்டியைப் பறித்துச் சமைக்காதீர்கள். கடலில் நச்சு நுண்பாசி பெருகும் சிவப்பு ஓதக் காலத்தில் அதில் சேரும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது; மூச்சுத்தசையைச் செயலிழக்கச் செய்யும்.

நிலநடுக்கம் இங்கே வெறும் எச்சரிக்கைப் பலகைச் செய்தியல்ல. 1700 ஜனவரி 26 அன்று இந்தக் கரைக்கு வெளியே நிகழ்ந்த பெருநடுக்கத்தின் ஆழிப்பேரலை ஜப்பான் வரை போய்ப் பதிவானது. பச்சீனா விரிகுடாவில் இருந்த ஊரே அதில் அழிந்ததை ஹூ-ஏ-ஆட் மக்கள் வாய்மொழியாகக் காத்துவைத்திருக்கிறார்கள். நீங்கள் நடை தொடங்கும் விரிகுடா அதுதான். தரை பலமாக, நீண்ட நேரம் ஆடினால் கூடாரத்தை மடித்துக்கொண்டிருக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் மேட்டைப் பார்த்து ஏறுங்கள். இரவில் எந்த வழியாக ஏறுவது என்பதை ஒவ்வொரு முகாமிலும் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவைத்துவிட்டுப் படுங்கள்.

எது பெரும்பாலும் தவறுகிறது

ஒவ்வோர் ஆண்டும் பலரைப் படகிலோ ஹெலிகாப்டரிலோ எடுத்துப் போகிறார்கள். பெரும்பாலும் கணுக்கால், முழங்கால். பலகைப் பாதை ஈரமாகி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறது. சேறு இல்லையே என்று வேகம் எடுப்பதே காரணம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல், களைப்பில் விழுவது இன்னும் சகஜம். சீக்கிரம் கிளம்பி, சீக்கிரம் முகாம் சேருங்கள்.

அடுத்தது குளிர். 12 டிகிரியில் நனைந்து நிற்பதே போதும். நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் தெரிந்தால் அன்றைய நடையை நிறுத்துங்கள்: கூடாரம், உலர்ந்த உடை, இனிப்பான வெந்நீர், உறக்கப்பை. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், போயிடலாம்" என்று அவரே சொல்லுவார். கேட்காதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களும், பை சுமந்து இரவு தங்கியே பழக்கமில்லாதவர்களும் நேரே இங்கே வர வேண்டாம். போர்ட் ரென்ஃப்ரூவிலிருந்து தெற்கே போகும் 47 கி.மீ. ஹுவான் டி ஃபூகா பாதையில் நடுநடுவே சாலைக்கு வெளியேற வழி உண்டு. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, சைனா கடற்கரையிலிருந்து 9 கி.மீ. நடந்து பேர் கடற்கரையில் ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். மறுநாள் முட்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கடைசி நாள் திராஷரிலிருந்து ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறித்தான் முதன்மைப் பாதையைப் பிடிக்க வேண்டும். முடிவில் கார்டன் ஆறு. அதைப் படகில்தான் கடக்க முடியும், அதுவும் பகலில் குறித்த நேரங்களில் மட்டும். கிளம்பும் நாளில் அறிமுக வகுப்பிலேயே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பாகத் திராஷரை விட்டுக் கிளம்பும் நேரத்தை வையுங்கள். விக்டோரியாவுக்குத் திரும்பும் பேருந்தை அன்று மாலைக்குப் பதியாமல் மறுநாளுக்குப் பதிந்துவிடுங்கள்.